புற்றுநோய்: ஒரு துளி இரத்தம் சொல்லிவிடுமா?

புற்றுநோய் என்ற சொல்லை எம்மவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அந்த வருத்தம்" என்போம். "மகரகமைக்குக் கொண்டு போயிட்டினமாம்" என்று ஊரில் ஒருவரைப் பற்றிச் சொன்னால் அதற்குமேல் எவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஜேர்மனிக்கு வந்த பின்னும் அந்த மௌனம் எங்களோடு கூடவே வந்து எங்கள் வீடுகளில் குடியேறிவிட்டது.

அண்மைக் காலமாக இந்த மௌனத்துக்கு நடுவே ஒரு பேச்சு உலாவுகின்றது. "இப்ப இரத்தம் எடுத்துப் பார்த்தாலே கான்சர் இருக்கோ இல்லையோ எண்டு சொல்லிப்போடுவாங்களாம். பிறகேன் மற்றச் சோதனையெல்லாம்?" என்று பலரும் கேட்கிறார்கள். இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியை நம்பி வீட்டில் இருந்தால் உயிருக்கே ஆபத்தாக முடியும். எனவேதான் இந்தக் கட்டுரை.

நாங்கள் வைத்தியர்கள் அல்லர். ஓ.எல். படிப்போடு நாட்டைவிட்டு வெளிக்கிட்டு, இங்கு தொழிற்சாலையில் மாறி மாறி வரும் ஷிஃப்டில் இயந்திரத்துக்கு முன்னால் நிற்பவர்கள். ஆனால் விளங்காத ஒன்றை விளங்கும்வரை கேட்பதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றை எம்மைப் போன்றவர்களுக்கு விளங்கும் விதத்தில் இங்கு தருகிறோம்.

மூச்சு முட்டும் கட்டி

எமது உடல் கோடிக்கணக்கான கலங்களால் ஆனது என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஒவ்வொரு கலத்துக்கும் வேண்டிய சாப்பாடும் ஒட்சிசனும் இரத்தக்குழாய் வழியாக வருகின்றன. புற்றுநோய்க் கலம் என்பது கட்டுப்பாடு இழந்து பெருகிக்கொண்டே போகும் கலம். அது பெருகும் வேகத்துக்கு இரத்தக்குழாய்கள் வளர்வதில்லை. ஐம்பது பேருக்கென்று கட்டிய அகதிகள் ஹைமில் இருநூறு பேரைக் கொண்டுவந்து விட்டால் குசினிக்கும் குளியலறைக்கும் என்ன நடக்கும்? அதுதான் கட்டிக்குள்ளும் நடக்கின்றது. இரத்தக்குழாயில் இருந்து ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு தள்ளி இருக்கும் கலங்களுக்கே ஒட்சிசன் போய்ச் சேராது. 1955 இல் இங்கிலாந்தில் தொம்லின்சன், கிரே என்ற இருவர் சுவாசப்பைப் புற்றுக்கட்டிகளை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து இதை எழுதினார்கள்.

இந்த ஆராய்ச்சியில் ஜேர்மனிக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. பேர்லின் நகரின் டாலெம் பகுதியில் 1920களில் ஒற்றோ வார்பூர்க் என்ற விஞ்ஞானி புற்றுக்கட்டித் துண்டுகளைச் சோதித்தார். ஒட்சிசன் தாராளமாக இருக்கும்போதுகூட அவை சீனியை அளவுக்கு மிஞ்சி எடுத்து லக்ரிக் அமிலமாக மாற்றுவதை அவர் கண்டார். கலங்கள் சுவாசிப்பதற்கு உதவும் நொதியம் பற்றிய ஆய்வுக்காக 1931 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கலத்தின் சுவாசம் கெடுவதே புற்றுநோயின் மூலகாரணம் என்று அவர் எண்ணியது பின்னர் நிலைக்கவில்லை. இருந்தாலும் கட்டி மூச்சுவிடும் விதம் வேறு என்பதை உலகத்துக்குக் காட்டியவர் அவரே.

பின்னர் 1990களில் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹோக்கல், ஃபௌப்பல் என்ற இரு ஆய்வாளர்களும் அவர்களின் குழுவும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வந்த பெண்களின் கட்டிகளுக்குள் மெல்லிய ஊசி போன்ற கருவியைச் செலுத்தி, அங்கு ஒட்சிசன் எவ்வளவு இருக்கிறது என்று நேரடியாக அளந்தார்கள். ஒட்சிசன் குறைந்த கட்டிகள் இருந்த பெண்களுக்கு நோய் அதிகம் பரவியது. அவர்கள் பிழைக்கும் வாய்ப்பும் குறைந்தது. ஒட்சிசன் இல்லாத இடத்தில் கதிர்ச் சிகிச்சையும் சரியாக வேலை செய்யாது. மூச்சு முட்டினால் கட்டி செத்துவிடும் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது அதற்கு எதிர்மாறு. நடுவில் உள்ள கலங்கள் பல சாகின்றன. தப்பிப் பிழைப்பவை மூர்க்கம் கொள்கின்றன.

ஒட்சிசன் குறைந்துவிட்டது என்பது கலத்துக்கு எப்படித் தெரிகின்றது? இந்தக் கேள்விக்கு விடை கண்ட கேலின், ராட்கிளிஃப், செமென்சா என்ற மூவருக்கும் 2019 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒட்சிசன் குறைந்ததும் கலத்துக்குள் ஒரு புரதம் அழியாமல் தங்கி, ஆபத்து மணியை அடிக்கின்றது. அந்த மணிச் சத்தத்தில் எழும்புபவற்றில் ஒன்றுதான் நாம் சொல்ல வந்த சின்ன ஆர்.என்.ஏ.

சின்னஞ்சிறு சீட்டு

இதைத் தொழிற்சாலை உதாரணத்தால் சொன்னால் எல்லோருக்கும் இலகு. கந்தோரில் எல்லாப் பொருட்களின் மூல வரைபடமும் பூட்டி வைத்திருக்கும். அதுதான் டி.என்.ஏ. மைஸ்ரர் அதில் ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து இயந்திரத்தடிக்குக் கொண்டு வருவார். அந்தப் பிரதி ஆர்.என்.ஏ. அதைப் பார்த்து இயந்திரம் செய்யும் பொருள் புரதம். ஆர்.என்.ஏ.யின் வேலை இந்தப் பிரதியோடு முடிந்துவிட்டது என்றுதான் நீண்டகாலம் பெரும்பாலானோர் எண்ணியிருந்தார்கள்.

1993 இல் அமெரிக்காவில் விக்ரர் அம்ப்ரோஸ், கரி றுவ்கன் என்ற இருவரும் ஒரு மில்லிமீற்றர் நீளமான புழு ஒன்றில் புதுமை ஒன்றைக் கண்டார்கள். ஏறத்தாழ 22 எழுத்துக்கள் மட்டுமே கொண்ட ஒரு குட்டி ஆர்.என்.ஏ. எந்தப் புரதத்துக்கும் கட்டளை எழுதாமல், வேறொரு பிரதியின் மேல் போய் ஒட்டிக்கொண்டு அதன் வேலையை நிறுத்தியது. வேலைத்தாளின் மேல் "இதைச் செய்யாதே" என்று யாரோ ஒரு துண்டுச் சீட்டை ஒட்டிவிட்டது போல.

புழுவில் உள்ளது மனிதருக்கு எதற்கு என்று பலர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. 2001 இல் இங்கே கொட்டிங்கன் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் தோமாஸ் ருஷ்ல் குழுவினரும், அதே சமயம் அமெரிக்காவில் இரண்டு குழுவினரும் இப்படியான குட்டி ஆர்.என்.ஏ.க்கள் பல உயிரினங்களில் நிறையவே இருப்பதைக் காட்டினார்கள். கொட்டிங்கன் குழு மனிதக் கலங்களிலும் அவற்றைக் கண்டது. அவற்றுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர் வைக்கப்பட்டது. அம்ப்ரோஸ், றுவ்கன் இருவருக்கும் 2024 இல் நோபல் பரிசு கிடைத்தது. புழுவில் கண்டது நோபல் மேடைக்கு வர 31 ஆண்டுகள்!

கண்டுபிடித்த ஒழுங்கில் இவற்றுக்கு இலக்கம் இடுவது வழக்கம். அவற்றில் 210 ஆம் இலக்கத்தை நாம் கவனிக்க வேண்டும். ஒட்சிசன் குறைந்த கலங்களில் இதன் அளவு கூடுகின்றது என்று 2007 இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்த ஆய்வை முன்னின்று செய்தவர்களில் ஒருவர் இந்தியரான ரிது குல்ஷ்ரேஷ்தா. ஒட்சிசனைக் கொண்டு சக்தி உண்டாக்கும் பகுதியின் வேலையை 210 தணித்துவிடுகின்றது. விறகு தட்டுப்பாடான காலத்தில் அடுப்பைத் தணித்து வைப்பது போன்ற ஏற்பாடு இது. அதனால் கலம் பிழைத்துக்கொள்கிறது. மார்பு, சிறுநீரகம், கணையம் எனப் பல புற்றுக்கட்டிகளில் 210 கூடுதலாகக் காணப்பட்டிருக்கின்றது.

இரத்தத்தில் மிதக்கும் சேதி

கட்டிக்குள் உள்ள சீட்டு எங்கள் கைக்கு எப்படி வரும்? ஆர்.என்.ஏ. என்பது இலகுவில் சிதையும் பொருள். இரத்தத்தில் அதைச் சிதைக்கும் நொதியங்கள் நிறைய உண்டு. ஆனாலும் குட்டி ஆர்.என்.ஏ.க்கள் நுண்ணிய கொழுப்புப் பைகளுக்குள்ளும் புரதங்களோடு ஒட்டியும் இருப்பதனால் சிதையாமல் தப்புகின்றன. 2008 இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரிலும் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்டிலும் வெளிவந்த ஆய்வுகள் புற்றுநோயாளரின் இரத்தத்தில் இவற்றை அளக்க முடியும் என்று காட்டின. ஒக்ஸ்போர்ட் ஆய்வில், ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் வந்தவர்களின் இரத்தத்தில் கூடியிருந்தவற்றில் எமது 210 உம் ஒன்று.

அப்படியானால் 210 ஐ அளந்து பார்த்துப் புற்றுநோயைச் சொல்லிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். முடியாது. ஒட்சிசன் குறைவது புற்றுக்கட்டியில் மட்டும் நடப்பதல்ல. இதயத்துக்கு இரத்தம் போதாவிட்டாலும் 210 கூடும். கர்ப்பிணித் தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறும் ஒருவகை நோயிலும் அது கூடுகின்றது. புகை மணி அடித்தால் வீடு எரிகிறது என்றும் பொருள். குசினியில் மிளகாய் பொரிக்கிறார்கள் என்றும் பொருள். இன்னொரு சிக்கலும் உண்டு. கடுகளவு கட்டிக்கு மூச்சு முட்டாமலும் இருக்கலாம். நாங்கள் பிடிக்க விரும்புவதோ அந்தக் கடுகளவிலேயே. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் ஒன்றை மட்டும் பாராமல் பல சின்ன ஆர்.என்.ஏ.க்களைச் சேர்த்துப் பார்க்க முயல்கிறார்கள்.

ஒரே ஆண்டு, இரண்டு செய்திகள்

2019 ஆம் ஆண்டு ஜேர்மனியில் இருந்து இந்தச் சின்ன ஆர்.என்.ஏ. பற்றி இரண்டு செய்திகள் வந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எமக்கு நல்ல பாடம்.

முதலாவது, பெப்ரவரி மாதம் ஹைடெல்பேர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் இருந்து வந்தது. மார்புப் புற்றுநோயை இரத்தத்தில் கண்டுபிடிக்கும் சோதனை தயார், அந்த ஆண்டே விற்பனைக்கு வரும் என்று அறிவித்தார்கள். பில்ட் பத்திரிகை அதை உலக அதிசயமாகவே தலைப்பிட்டது. இரத்தத்தில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. போன்ற சுவடுகளைத்தான் அந்தச் சோதனையும் தேடியது. ஆனால் வேறு ஆய்வாளர்கள் சரிபார்க்கக்கூடிய எந்த ஆய்வுக் கட்டுரையும் அப்போது வெளியாகியிருக்கவில்லை. துறைசார் மருத்துவ அமைப்புக்கள் கேள்வி எழுப்பின. மருத்துவமனை பின்னர் வருத்தம் தெரிவித்து விசாரணைக் குழு அமைத்தது. சொன்னபடி அந்த ஆண்டு சோதனை விற்பனைக்கு வரவில்லை. இடைப்பட்ட நாட்களில் எத்தனை பெண்கள் "அது வரட்டும், பொறுத்துப் பார்ப்போம்" என்று இருந்திருப்பார்கள்!

இரண்டாவது செய்தி சத்தம் இல்லாமல் வந்தது. ஹம்பேர்க்கில் வைத்தியர் டீக்மன், பிறேமன் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் பெல்கே ஆகியோர் பல மருத்துவமனைகளோடு சேர்ந்து விதைப்பைப் புற்றுநோயை ஆராய்ந்தார்கள். நோய் உள்ள 616 பேர், நோய் இல்லாத 258 பேர் ஆகியோரின் இரத்தத்தில் 371 என்ற இலக்கம் கொண்ட மைக்ரோ ஆர்.என்.ஏ.யை அளந்தார்கள். நோய் உள்ள நூறு பேரில் ஏறத்தாழ 90 பேரை அது சரியாகக் காட்டியது. நோய் இல்லாத நூறு பேரில் 94 பேரை இல்லை என்று சரியாகச் சொன்னது. சிகிச்சைக்குப் பின் அளவு இறங்கியது. ரெரற்றோமா என்ற ஒரு வகையை மட்டும் அதனால் காண முடியவில்லை. அதையும் ஒளிக்காமல் எழுதினார்கள். எல்லாவற்றையும் எவரும் சரிபார்க்கும் வண்ணம் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்.

இந்த இரண்டாவது சோதனைகூட சுகமாக இருக்கும் எல்லோரையும் பிடித்துப் பார்ப்பதற்கு உரியதல்ல. வைத்தியருக்குச் சந்தேகம் வந்தவரிடத்திலும், சிகிச்சை பெற்றவருக்கு நோய் திரும்புகிறதா என்று பார்ப்பதிலுமே அதன் பயன். ஏன் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம்.

தொழிற்சாலையில் ஆயிரம் உதிரிப்பாகம் செய்கிறோம். அதில் பத்து பழுது என்று வைப்போம். சோதிக்கும் கருவி பழுதானதில் பத்துக்கு ஒன்பதைப் பிடிக்கும். நல்லதிலும் பத்துக்கு ஒன்றைப் பழுது என்று தவறாகச் சொல்லும். முடிவில் பெட்டியில் பழுது என்று விழுவது எத்தனை? உண்மையான பழுது 9, நல்லவை 99. மொத்தம் 108 இல் ஒன்பதே சரி! உதிரிப்பாகம் என்றால் திரும்பவும் அளந்து பார்க்கலாம். மனிதர் என்றால் அந்த 99 பேரும் நித்திரை இல்லாமல் ஸ்கான், ஊசி, ஒப்பரேஷன் என்று அலைய வேண்டும். கருவி கெட்டித்தனமானது என்றால் மட்டும் போதாது. யாரிடம் எப்போது பயன்படுத்துவது என்பதும் தெரிய வேண்டும். நல்ல சோதனை ஒன்று வருவதற்கு ஆண்டுகள் பிடிப்பது இதனால்தான்.

இன்று கையில் இருப்பது

இரத்தச் சோதனை ஒருநாள் வரும். அதுவரை என்ன செய்வது? ஜேர்மனியில் ஏற்கனவே சோதித்து ஏற்றுக்கொள்ளப்பட்ட முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனைகள் உண்டு. இவற்றை டொச்சில் புறூஏர்கெனுங் என்பார்கள். சட்டபூர்வ கிராங்கன்காஸவில் இருப்பவர்களுக்கு இவை இலவசம்.

பெண்களுக்கு: 20 வயதில் இருந்து ஆண்டுக்கு ஒருமுறை கருப்பைக் கழுத்துச் சோதனை. 30 வயதில் இருந்து ஆண்டுதோறும் வைத்தியர் மார்பைத் தொட்டுப் பரிசோதிப்பார். 35 வயதில் இருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கருப்பைக் கழுத்துச் சோதனையோடு எச்.பி.வி. வைரஸ் சோதனையும் சேரும். 50 இல் இருந்து 75 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்றே. முன்பு 69 வயது வரை இருந்த இது 2024 ஜூலையில் இருந்து நீடிக்கப்பட்டது.

ஆண்களுக்கு: 45 வயதில் இருந்து ஆண்டுக்கு ஒருமுறை புறொஸ்ரேற் சுரப்பிச் சோதனை.

இருபாலாருக்கும்: 35 வயதில் இருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தோல் சோதனை. 50 வயதில் இருந்து குடற் புற்றுநோய்ச் சோதனை. மலத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கலாம். அல்லது குழாய் விட்டுப் பார்க்கும் சோதனையைப் பத்து ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை செய்யலாம். 2025 ஏப்ரலில் இருந்து ஆண், பெண் இருவருக்கும் இது ஒரே மாதிரி. குடலுக்குள் தெரியும் சதை வளர்ச்சியைப் புற்றுநோயாக மாறும் முன்னரே அப்போதே வெட்டி எடுத்துவிடுவார்கள்.

பிள்ளைகளுக்கு: 9 இல் இருந்து 14 வயதுக்குள் எச்.பி.வி. தடுப்பூசி. ஆண் பிள்ளைகளுக்கும் இது உண்டு. தவறினால் 18 வயதுக்கு முன் போடலாம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான இந்த வைரஸ்களை 1983, 1984 ஆம் ஆண்டுகளில் கண்டறிந்தவர் ஜேர்மனியரான ஹரால்ட் சூர் ஹௌசன். 2008 இல் நோபல் பரிசு பெற்றார். வேண்டாம் என்று நாம் விட்டுவிடும் ஊசிக்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது.

தஞ்சக் கோரிக்கை முடிவாகாதவர்கள் தமக்கு இவை இல்லை என்று எண்ணக்கூடாது. அவர்களுக்கான உதவிச் சட்டத்தின் 4 ஆம் பிரிவே மருத்துவ ரீதியில் தேவையான முற்காப்புப் பரிசோதனைகளைக் குறிப்பிடுகின்றது. சில இடங்களில் சோசியலாம்ற்றில் பெஹாண்ட்லுங்ஸ்ஷைன் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போகவேண்டும். சில இடங்களில் மருத்துவ அட்டை தருகிறார்கள். கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

விதைப்பைப் புற்றுநோய்க்கு இப்படியான ஒழுங்கான சோதனை கிடையாது. இருபதில் இருந்து நாற்பதின் நடுப்பகுதி வரையுள்ள எம்மைப் போன்ற ஆண்களுக்குத்தான் இது அதிகம் வருகின்றது. ஜேர்மனியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 பேருக்கு வருகிறது. நேரத்தோடு கண்டால் பெரும்பாலும் முற்றாகவே மாற்றலாம். நோவு இல்லாத கட்டியோ வீக்கமோ கைக்குத் தட்டுப்பட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உறொலோகேயிடம் போகவேண்டும். இதற்குக் குளிக்கும்போது தன் கையே போதும்.

கடிதமும் மொழிபெயர்ப்பும்

மார்பு எக்ஸ்றேக்கான அழைப்புக் கடிதம் வீட்டுக்கு வரும். நகரசபையில் பதிந்த விலாசத்தைக் கொண்டு ஒரு பொது அலுவலகம் அதை அனுப்புகின்றது. அரசாங்கக் கடிதம் போலவே இருக்கும். தஞ்சக் கோரிக்கை நிராகரிப்புக் கடிதங்களைக் கண்டு கண்டு அஞ்சிய எங்கள் வீடுகளில் இப்படியான கடிதம் வந்தால் முதலில் வருவது பயம். அடுத்துக் கடிதம் அலுமாரிக்குள் போய்விடும். அந்தக் கடிதத்தில் நாளும் நேரமும் இடமும் குறித்திருக்கும். நேரம் சரிவராவிட்டால் தொலைபேசியில் மாற்றலாம். போன பின்னர் "திரும்ப வாருங்கள்" என்று கூப்பிட்டால் புற்றுநோய் என்று முடிவுகட்ட வேண்டாம். அப்படிக் கூப்பிடப்படுபவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த நோய் இருப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டொச் தெரிந்தவர்கள் எங்கள் பிள்ளைகளே என்பதனால் வைத்தியரிடம் அவர்களைத்தான் கூட்டிக்கொண்டு போகிறோம். பல்லு வலிக்கு அது பரவாயில்லை. தாயின் மார்பில் கட்டி என்று பத்து வயதுப் பிள்ளை வைத்தியருக்குச் சொல்லவும், வைத்தியர் சொல்வதைத் தாய்க்குத் திருப்பிச் சொல்லவும் விடலாமா? பிள்ளைக்கு முன்னால் தாயும் தன் வருத்தத்தை முழுதாகச் சொல்லமாட்டாள். நம்பிக்கையான வளர்ந்த பெண் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். எமது மன்றங்கள் இதற்கென இரண்டு, மூன்று சகோதரிகளை ஒழுங்கு செய்து வைப்பது கலைவிழா நடத்துவதற்குச் சற்றும் குறைந்த சேவை அல்ல.

தொலைபேசியில் நேரம் கேட்க இந்த ஒரு வசனத்தைப் பாடமாக்கி வைத்தால் போதும்: "இஷ் மெஷ்ரெ ஐனென் ரெர்மீன் சூர் புறூஏர்கெனுங்." முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனைக்கு நேரம் வேண்டும் என்பது பொருள். பத்திரிகையில் வந்த செய்தி உண்மையா என்று அறிய ஹைடெல்பேர்க்கில் உள்ள ஜேர்மன் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் தகவல் சேவை இருக்கிறது. 0800 420 30 40 என்ற இலக்கத்தில் நாள்தோறும் காலை 8 மணியில் இருந்து இரவு 8 மணி வரை இலவசமாகக் கேட்கலாம். டொச்சில் பேசக்கூடிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்பான சகோதர சகோதரிகளே, குண்டுக்கும் ஷெல்லுக்கும் தப்பி, காடும் எல்லையும் கடந்து இங்கு வந்து சேர்ந்த உயிர் இது. ஒரு துளி இரத்தத்தில் எல்லாம் தெரியும் நாள் வரட்டும். வந்தால் முதலாவதாக வரவேற்போம். அந்த நாள் வரும்வரை, அலுமாரிக்குள் இருக்கும் அந்தக் கடிதத்தை இன்று பின்னேரம் வெளியே எடுத்துத் திகதியைப் பாருங்கள்.